தலைவரின் நோக்கம் ஊழியரின் கைக்கு எப்படி வந்து சேருகிறது?

1987 அக்டோபர். நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அரங்கில் முதலீட்டாளர்களும் பங்குச் சந்தை ஆய்வாளர்களும் காத்திருக்கிறார்கள். அல்கோவா என்ற பெரிய அலுமினிய நிறுவனத்துக்குப் புதிதாகத் தலைமை அதிகாரியாக வந்திருக்கும் பால் ஓநீல் பேசப் போகிறார். இம்மாதிரிக் கூட்டங்களில் என்ன பேசுவார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்: செலவைக் குறைப்போம், லாபத்தைக் கூட்டுவோம், வரியைக் குறைத்தால் நன்றாக இருக்கும். ஓநீல் மேடையேறி, தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றார். உருக்கிய உலோகத்தோடும் கையைத் துண்டித்துவிடக்கூடிய இயந்திரங்களோடும் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். யாருக்குமே காயம் படாத நிறுவனமாக இதை ஆக்குவதுதான் தன் எண்ணம் என்றார். அப்புறம், தீப்பிடித்தால் இந்த அரங்கிலிருந்து எந்தக் கதவு வழியாக வெளியேற வேண்டும் என்று கைகாட்டினார்.

லாபத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. நிறுவனம் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் பாதுகாப்புக் கணக்கைப் பாருங்கள் என்று பதில் வந்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு முதலீட்டு ஆலோசகர் தன் வாடிக்கையாளர்களுக்கு போன் போட்டு, பங்குகளை உடனே விற்றுவிடச் சொன்னார். தன் வாழ்க்கையில் கொடுத்த ஆலோசனைகளிலேயே மோசமானது அதுதான் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 2000ஆம் ஆண்டில் ஓநீல் ஓய்வு பெற்றபோது நிறுவனத்தின் ஆண்டு நிகர லாபம் அவர் வருவதற்கு முன்பிருந்ததைப் போல 5 மடங்காகியிருந்தது. காயத்தால் வேலை நாளை இழக்க நேரும் விபத்துகள் 100 தொழிலாளர்களுக்கு 1.86 என்றிருந்தது 0.2 ஆகக் குறைந்திருந்தது.

மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நல்ல நோக்கம் வைத்தார், லாபமும் வந்தது, சுபம். எனக்கு அது போதவில்லை. ஹோட்டல் அரங்கில் ஒருவர் சொன்ன சொல், எங்கேயோ ஒரு ஆலையில் இரவு ஷிப்டில் நிற்கிறவரின் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது? தலைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் தாண்டிப் போய்விடுவது இந்த நடுப்பகுதியைத்தான்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

தமிழில் இலக்கு, குறிக்கோள், லட்சியம், நோக்கம் எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டு எழுதிவிடுகிறோம். இந்தக் கட்டுரைக்கு மட்டும் ஒரு வேறுபாட்டை வைத்துக்கொள்ளலாம். இந்தக் காலாண்டில் விற்பனையை 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது இலக்கு. தொட்டால் முடிந்துவிடும், தொடாவிட்டால் திட்டு விழும். ராத்திரி ஒன்பது மணிக்கும் வேலை முடியாமல் உட்கார்ந்திருப்பவர் அலுத்துப்போய் "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்பாரே, அதற்குப் பதிலாக வருவது நோக்கம். அந்தப் பதிலில் பெரும்பாலும் ஒரு மனிதர் இருப்பார்: இந்த வேலையால் பிழைப்பவர், பயன்பெறுபவர், ஆபத்திலிருந்து தப்புபவர்.

அமெரிக்க அரசியல் வரலாற்றாளர் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் 1978இல் தலைமையை இரண்டாகப் பிரித்தார். நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன் என்பது ஒரு வகை. ஓட்டுக்குச் சலுகை, உழைப்புக்குச் சம்பளம். இன்னொன்று, தலைவரும் தொண்டரும் ஒருவரையொருவர் மேலே தூக்கிவிட்டுக்கொள்வது. அவர் மனதில் இருந்தது அரசியல் தலைவர்கள்தான். 1985இல் பெர்னார்ட் பாஸ் என்ற உளவியல் அறிஞர் இந்தக் கருத்தை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்து விரித்து எழுதினார். அதிலிருந்து பயிற்சி முகாம்களுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் பஞ்சமே இல்லை.

ஆனால் முதல் வகையை மட்டமாக நினைத்துவிடக் கூடாது. சம்பளம் ஒன்றாம் தேதி வராத இடத்தில் நோக்கத்தைப் பற்றிப் பேசினால் யார் காதிலும் ஏறாது.

ஐந்து நிமிடச் சந்திப்பு

ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. களம் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடை திரட்டும் பிரிவு. முன்னாள் மாணவர்களுக்கு போன் செய்து பணம் கேட்கும் வேலை. எதிர்முனையில் பாதிப் பேர் எரிந்து விழுவார்கள், மீதிப் பேர் வைத்துவிடுவார்கள். வேலையில் நிலைப்பவர்கள் குறைவு. திரட்டும் பணத்தில் ஒரு பகுதி மாணவர்களின் உதவித்தொகைக்குப் போகிறது என்பது போன் செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மாணவர்களில் ஒருவரையும் அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு குழுவினர் மட்டும் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார்கள், அவர் சொன்னார், அவ்வளவுதான். இன்னொரு குழுவுக்கு மாணவர் எழுதிய கடிதம் மட்டும் கிடைத்தது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நேரில் சந்தித்தவர்கள் வாரத்துக்கு போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய பணம் 171 சதவீதமும் கூடியிருந்தன. மற்ற இரண்டு குழுக்களிலும் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

அந்தச் சந்திப்பில் மேலாளர் யாரும் சொற்பொழிவாற்றவில்லை, போனஸும் அறிவிக்கவில்லை. வேலைக்கும் அதன் பயனுக்கும் நடுவில் இருந்த தூரம் ஐந்து நிமிடம் குறைந்தது, அதுதான் நடந்தது. கடிதம் ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளர் எழுதிய நன்றி மடலை எல்லோருக்கும் மின்னஞ்சலில் தட்டிவிட்டு, ஊக்கம் கொடுத்துவிட்டதாகத் திருப்திப்படும் மேலாளர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

அதே கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் என்பவரோடு சேர்ந்து 2011இல் இன்னொன்றையும் காட்டினார். ஒரு மருத்துவமனையில் கை கழுவும் இடங்களுக்குமேல் அறிவிப்பு வைத்தார்கள். சில இடங்களில், கைகளைச் சுத்தம் செய்தால் உங்களுக்கு நோய் தொற்றாது என்று இருந்தது. வேறு சில இடங்களில், நோயாளிகளுக்கு நோய் தொற்றாது என்று இருந்தது. மாறியது ஒரே ஒரு சொல். 'நோயாளிகள்' என்று எழுதிய இடத்தில் சோப்பும் ஜெல்லும் செலவான அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. 'உங்களுக்கு' என்று எழுதிய அறிவிப்பால் மாற்றம் இல்லை. தன் உடம்புக்காகக் கழுவாத மருத்துவர் நோயாளிக்காகக் கழுவுகிறார்! மனிதர்களைச் சுயநலப் பிண்டங்களாக வைத்துப் போடும் கணக்கு இப்படிச் சில இடங்களில் பிசகிவிடுகிறது.

சிலருக்கு யாரும் காட்டவும் தேவையில்லை. ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி 2001இல் எழுதிய கட்டுரை இதற்குச் சான்று. ஒரே சம்பளம், ஒரே பணிப் பட்டியல். ஒரு சாரார் தரையைத் துடைக்கிறோம், குப்பையை எடுக்கிறோம் என்றார்கள். இன்னொரு சாரார் நோயாளிகள் குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள், அதற்கேற்ப வேலையையே மாற்றிக்கொண்டார்கள். ரெஸ்னெஸ்கி பிறகு அடிக்கடி சொன்ன ஒரு சம்பவம் உண்டு: நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிகளின் அறைகளில் சுவரில் மாட்டிய படங்களை ஒரு பணியாளர் அவ்வப்போது இடம் மாற்றி வைப்பாராம். சூழல் மாறினால் ஒருவேளை நோயாளிக்கு ஏதாவது தூண்டுதல் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

இங்கே தலைவரின் வேலை என்ன? குறுக்கே நிற்காமல் இருப்பது. படத்தைத் தொட்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

நிலாவுக்கு ஏணி

நோக்கம் பற்றிய எந்தப் பேச்சிலும் தவறாமல் வரும் கதை ஒன்று. ஜான் கென்னடி நாசாவைப் பார்வையிடப் போகிறார். துடைப்பத்தோடு நிற்கும் ஒருவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். நிலாவுக்கு மனிதனை அனுப்ப உதவுகிறேன் என்கிறார் அவர். உண்மையில் அப்படி ஓர் உரையாடல் நடந்ததற்கு உறுதியான பதிவு எதுவும் இல்லை. இருந்தாலும் நாசாவில் அந்த மனநிலை இருந்தது உண்மை. அது எப்படி உண்டாயிற்று என்று ஆண்ட்ரூ கார்ட்டன் என்ற ஆய்வாளர் நாசாவின் ஆவணங்களைத் தோண்டி 2018இல் எழுதினார். துடைப்பக் கதையைவிட அது சுவாரசியமானது.

நாசா 1958இல் தொடங்கப்பட்டபோது அதற்கு ஒரு மூட்டை நோக்கங்கள் இருந்தன: அறிவியலை வளர்ப்பது, விண்வெளித் தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருப்பது, இன்னும் பல. எல்லாம் நல்லவைதான். ஆனால் காலையில் வேலைக்கு வந்து மின்சுற்று ஒன்றைச் சாலிடர் வைக்கிறவர் 'அறிவியலை வளர்ப்பது' என்பதைத் தன் சாலிடரோடு எப்படி இணைத்துப் பார்ப்பார்? 1961 மே 25 அன்று கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்தில் அந்த மூட்டையை ஓரமாக வைத்தார். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலாவில் இறக்கி, பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. அவ்வளவுதான். கண்ணை மூடினால் படமாகத் தெரிகிற ஒரு விஷயம், அதற்கு ஒரு கெடு.

அதற்கும் அன்றாட வேலைக்கும் நடுவில் படிகள் இருந்தன. மெர்க்குரி திட்டத்தில் ஒரு மனிதரை விண்ணுக்கு அனுப்புவது. ஜெமினியில் விண்கலங்களை விண்ணிலேயே ஒன்றோடொன்று இணைக்கப் பழகுவது. அப்பல்லோவில் நிலாவில் இறங்குவது. சாலிடர் வைக்கிறவருக்குத் தன் சுற்று எந்தப் படியில் உட்காருகிறது என்று தெரியும். கார்ட்டன் சொல்வது இதைத்தான்: தலைவர் இங்கே ஒரு பேச்சாளராக இருந்ததைவிட ஒரு கட்டடக் கலைஞராக இருந்தார். தூரத்தில் இருந்த நிலாவுக்கும் மேசைமேல் இருந்த மின்சுற்றுக்கும் நடுவில் ஏணி போட்டார்.

ஏணிக்கும் ஆபத்து உண்டு. கெடு நெருங்க நெருங்க இலக்கு நோக்கத்தை விழுங்க ஆரம்பித்தது. 1967 ஜனவரி 27 அன்று, தரையிலேயே நடந்த ஒரு ஒத்திகையின்போது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். வடிவமைப்பிலும் வேலைத் தரத்திலும் தரக் கட்டுப்பாட்டிலும் குறைகள் இருந்ததை விசாரணை சொன்னது. கென்னடியின் வாக்கியத்தில் 'இறக்கி' என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். 'பத்திரமாக' என்பது நழுவிவிட்டது. நாசாவின் விண்பயணக் கட்டுப்பாட்டுப் பிரிவின் ஜீன் கிரான்ஸ், கால அட்டவணைக்கு மயங்கி வேலையில் தெரிந்த கோளாறுகளைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டோம் என்று தன் ஆட்களிடம் சொன்னதாகவும், உறுதி, திறமை என்ற இரண்டு சொற்களை அவரவர் அறைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் வைக்கச் சொன்னதாகவும் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1969 ஜூலையில் நிலாவில் கால் வைத்தவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள்.

சுவரில் மாட்டியதும் கையைக் கடித்ததும்

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் 'நமது விழுமியங்கள்' என்று சட்டம் போட்ட பலகை ஒன்றைத் திறந்து வைத்தார்கள். முதல் விழுமியம் நம்பிக்கை. கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ லீவு லெட்டருக்கு இனிமே மூணு கையெழுத்து வேண்டாமா?" வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிரிப்போடு பலகையின் கதை முடிந்தது.

பெரிய அளவில் இதே கதைதான் என்ரான். மரியாதை, நேர்மை, தகவல் தொடர்பு, சிறப்பு என்று நான்கு விழுமியங்களை 2000ஆம் ஆண்டு அறிக்கையில் அச்சடித்த நிறுவனம், 2001 டிசம்பரில் கணக்கு மோசடிகள் வெளிவந்து திவாலானது. வெல்ஸ் பார்கோ வங்கியின் விவகாரம் இன்னும் கவனிக்கத்தக்கது. வாடிக்கையாளர்களின் நலனே முக்கியம் என்று அந்த வங்கி நெடுங்காலம் சொல்லிவந்தது. கிளைகளில் நிஜமாக நடந்ததோ, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளையாவது விற்க வேண்டும் என்ற நெருக்கடி. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்திருந்தார்கள். நோக்கம் ஒன்று சொல்ல, சம்பள உயர்வு வேறொன்றைச் சொன்னால், ஊழியர் சம்பள உயர்வு சொல்வதைத்தான் கேட்பார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் எப்போது நம்புகிறார்கள்? தலைமைக்குக் கையைக் கடிக்கும்போது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் கொள்கைப் பிரகடனத்தை ராபர்ட் வுட் ஜான்சன் 1943இல் எழுதினார். முதல் கடமை மருந்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு. பங்குதாரர்கள் வரிசையில் கடைசி. முப்பது ஆண்டுகளில் அதுவும் சுவர்ப் பலகையாகிவிட்டது. 1970களின் பிற்பகுதியில், தலைமை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பர்க் நிறுவனத்தின் மேலாளர்களைக் கூட்டி, இதன்படி நடக்கப் போகிறோமா, இல்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா என்று நேரடியாகவே கேட்டார். சூடாக வாதாடினார்கள். கழற்ற வேண்டாம் என்று முடிவானது.

1982 இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் அந்த நிறுவனத்தின் வலி நிவாரணியான டைலினால் மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். யாரோ குப்பிகளுக்குள் சயனைடு கலந்திருந்தார்கள். நிறுவனத்தின் தவறு அல்ல. ஆனாலும் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றார்கள். 10 கோடி டாலருக்கு மேல் செலவு. பிறகு, திறந்தால் தெரிந்துவிடும் உறைகளோடு அதே மருந்தைக் கொண்டுவந்து, இழந்த சந்தையைப் பெரும்பாலும் மீட்டார்கள். அந்த வாரங்களில் அங்கே வேலை பார்த்த ஒருவருக்குப் பிரகடனத்தின் முதல் வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஆனால் இது பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் சொத்து அல்ல. அதே நிறுவனத்தின் அதே மருந்துப் பிரிவு, 2010இல் தயாரிப்புத் தரக் குறைபாடுகளுக்காகக் குழந்தைகளுக்கான டைலினால் உள்ளிட்ட மருந்துகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பிரகடனத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்க வேண்டியதில்லை. ஆட்கள் மாறியிருந்தார்கள்.

நடுவில் நிற்பவர்கள்

கிளாடின் கார்ட்டன்பெர்க், ஆண்ட்ரியா பிராட், ஜார்ஜ் செராபீம் ஆகிய மூவர் 429 நிறுவனங்களில் சுமார் 5 லட்சம் ஊழியர்களின் கருத்துகளை அலசி 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஊழியர்கள் தங்கள் வேலையில் நோக்கம் இருப்பதாக உணர்வதற்கும் நிறுவனத்தின் நிதி நிலைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. நோக்கம் சார்ந்த தலைமையை விற்றுப் பிழைப்பவர்கள் இந்த முதல் பாதியைச் சொல்லவே மாட்டார்கள். இரண்டாம் பாதி: நோக்க உணர்வோடு, மேலிடம் என்ன எதிர்பார்க்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்ற தெளிவும் சேர்ந்திருந்த நிறுவனங்கள் நன்றாகச் செய்திருந்தன. இந்தத் தொடர்பைச் சுமந்தவர்கள் உச்சியில் இருந்தவர்களோ கடைநிலை ஊழியர்களோ அல்ல, இடைநிலை மேலாளர்களும் துறை வல்லுநர்களும்தான்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தலைவரை ஒரு ஊழியர் வருடத்தில் எத்தனை முறை பார்ப்பார்? சூப்பர்வைசரைத் தினமும் பார்க்கிறார். மேலிருந்து வரும் 'பாதுகாப்பே முதன்மை' என்ற சொல்லையும் 'இன்றைக்குள் லோடு போயாக வேண்டும்' என்ற நெருக்கடியையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். எதை விடுவது என்று அவர் அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவைத்தான் கீழே இருப்பவர்கள் நிறுவனத்தின் நோக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். நோக்கத்தைப் பற்றிய செலவு முழுவதையும் தலைவரின் பேச்சுக்கும் விளம்பரப் படத்துக்கும் போட்டுவிட்டு, இந்த இடைநிலை ஆட்களுக்கு ஒரு பயிற்சியும் கொஞ்சம் அதிகாரமும் தர மறப்பது அநேகமாக எல்லா இடத்திலும் நடக்கிறது.

மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு எச்சரிக்கை

ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் என்ற இருவர் வட அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் விலங்குகளைப் பராமரிப்பவர்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். 157 இடங்களைச் சேர்ந்த 982 பேரின் பதில்கள் அவர்களிடம் இருந்தன. பலர் பட்டம் பெற்றவர்கள். சாணம் அள்ளுவதும் கூண்டு கழுவுவதும் அன்றாட வேலை, சம்பளம் சொற்பம். இருந்தும் இதற்காகவே பிறந்தேன் என்று நினைப்பவர்கள் அவர்களில் அதிகம். அப்படி நினைத்தவர்களுக்கு வேலை ஆழமான அர்த்தம் தந்தது. கூடவே, சம்பளத்தையும் வசதியையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இருந்தார்கள், நிர்வாகம் தங்களைச் சுரண்டுகிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. விலங்கைப் பட்டினி போட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்ய அவர்களால் முடியாது. அது நிர்வாகத்துக்கும் தெரியும்.

நோக்கத்தைப் பற்றிப் பேசும் எந்தத் தலைவரையும் நான் முதலில் இந்தக் கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறேன். 'நாம் ஒரு குடும்பம்', 'இது வெறும் வேலையல்ல, சேவை' என்ற சொற்கள் ஓவர்டைம் கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் உஷாராக இருக்க வேண்டும். இன்னொரு எல்லையில் தெரானோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனம் இருக்கிறது. விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி ரத்தத்தில் பரிசோதனைகள், அன்புக்குரியவர்களை அகாலமாக இழக்காத உலகம் என்றெல்லாம் அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் பேசியதை அங்கே பலர் உண்மையாகவே நம்பி இரவு பகலாக உழைத்தார்கள். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்று கேட்டவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக அவர்மீது குற்றம் நிரூபணமானது. பெரிய நோக்கம் சந்தேகம் கேட்பவரைத் துரோகியாகக் காட்டக்கூடியது.

அல்கோவாவில் நடுவில் நடந்தது

சரி, மறுபடி ஓநீலிடம் வருவோம். அவர் பொறுப்பேற்று ஆறு மாதம் இருக்கும். அரிசோனா ஆலை ஒன்றில், சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு இளைஞர், இயந்திரத்தின் கையில் சிக்கிய அலுமினியத் துண்டை எடுக்க மஞ்சள் பாதுகாப்புச் சுவரைத் தாண்டிக் குதித்தார். துண்டை எடுத்ததும் இயந்திரம் மறுபடி இயங்கியது. அந்தக் கை அவர் தலையில் மோதி அவர் இறந்தார். அவர் தாண்டியதை இரண்டு மேலாளர்கள் பார்த்தும் தடுத்திருக்கவில்லை. அன்றே ஓநீல் நிர்வாகிகளைக் கூட்டினார். நாம்தான் இவரைக் கொன்றோம், இது என் தலைமையின் தோல்வி, உங்கள் எல்லோருடைய தோல்வியும்தான் என்றார்.

பேச்சோடு விடவில்லை. எந்த ஆலையில் யாருக்குக் காயம் பட்டாலும் அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும், இனி நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார். விதி சின்னதுதான், ஆனால் அது செய்த வேலை பெரிது. பிரிவுத் தலைவர் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் அவருக்குக் கீழே இருப்பவர் அதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டுமானால் ஆலை மேலாளர் தொழிலாளர்களோடு பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டும். தீர்வு சொல்ல வேண்டுமானால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் யோசனை கேட்காமல் முடியாது. நடுவில் இருந்த அத்தனை பேரும் ஒரே விஷயத்துக்காகக் கீழே பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் மெக்சிகோ ஆலையில் வாயு கசிந்து தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை மேலே தெரிவிக்காமல் விட்ட ஒரு மூத்த நிர்வாகியை ஓநீல் வேலையிலிருந்து நீக்கினார். நன்றாக லாபம் ஈட்டித் தந்தவர், பலருக்கும் வேண்டியவர். எது முக்கியம் என்று அன்றைக்கு மற்ற நிர்வாகிகளுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் செய்தார். தொழிலாளர்களுக்குத் தன் வீட்டு போன் நம்பரைக் கொடுத்தார். பாதுகாப்பு விஷயத்தில் மேலாளர் சொன்னபடி செய்யாவிட்டால் நேரடியாகக் கூப்பிடுங்கள் என்றார். கூப்பிட்டார்கள். ஆனால் விபத்தைப் பற்றிப் பேசுவதைவிட, வேலையை இப்படி மாற்றலாம், அப்படிச் செய்தால் மிச்சமாகும் என்று பேசியவர்கள்தான் அதிகம் என்று ஓநீலே சொல்லியிருக்கிறார். வீடுகளின் வெளிச்சுவருக்கு அலுமினியத் தகடு தயாரிக்கும் ஒரு ஆலையில், வர்ணம் பூசும் இயந்திரங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் நிறம் மாற்றும் நேரம் குறையும் என்று கடைநிலைத் தொழிலாளர் ஒருவர் மேலாளரிடம் சொன்னார். செய்து பார்த்தார்கள், ஒரு வருடத்துக்குள் அந்தத் தகடுகளில் வந்த லாபம் இரட்டிப்பானது. விசாரித்தபோது, அந்த யோசனை பத்து வருடமாகவே அவர் மனதில் இருந்தது தெரிந்தது. பாதுகாப்புக்கு யோசனை சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, சரி, இதையும் சொல்லிவைப்போம் என்று தோன்றியதாம்.